ஜன்னலைத் திறக்கச் சொன்ன ஏர்கோன் அண்ணே

எங்கள் மலேசியாவில், கிள்ளான் வட்டாரத்தில், அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன் மாட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஏர்கோன் வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்திலேயே ஒருவர்தான்.

பிள்ளைகளே, அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. என் கைபேசியில் 'ஏர்கோன் அண்ணே' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். எங்கள் பிளாட்டில் இருந்த எல்லாருடைய கைபேசியிலும் அப்படித்தான். பழைய மோட்டார் சைக்கிள், பக்கவாட்டில் கட்டிய அலுமினிய ஏணி, முதுகில் ஒரு பை. பையில் சாவி, திருப்புளி, செப்புக்குழாய், அதற்கு மேலே ஒரு கட்டு ஊதுபத்தி. ஊதுபத்தி எதற்கு என்று கேட்கிறீர்கள்தானே? அதற்குத்தான் வருகிறேன்.

அண்ணே மனிதர்களின் நேரப்படி வாழ்கிறவர் இல்லை. காலையில் குயில் கூப்பிட்டால் எழுந்துகொள்வார். பிற்பகல் மூன்று மணிக்கு ஏணியை மடக்கிவிடுவார். "நாலு மணிக்கு மழை வரும் பாஸ், அதுக்கு வழி விடணும்," என்பார். மழை வராத நாளிலும் மூன்று மணிக்கே மடக்கிவிடுவார். கேட்டால், "அது வரலன்னா அதோட இஷ்டம். வழி விடறது நம்ம மரியாதை," என்பார். மாலை ஏழரைக்குக் கைபேசியை அணைத்துவிடுவார். உலகமே தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஏழரைக்கு மேல் அவரைப் பிடிக்க முடியாது.

"என்னா அண்ணே, ஏழரைக்கு எல்லாம் யாரு தூங்குவா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மைனா அடைஞ்சிடுது. கோழி அடைஞ்சிடுது. நான் மட்டும் என்னா பெரிய ஆளா?"

ரம்புத்தான் காலத்தில் ரம்புத்தான் தின்பார். அது முடிந்த பிறகு யாராவது குளிர்பெட்டியில் வைத்திருந்த பழத்தைக் கொடுத்தால், "இது போன மாசத்துப் பழம் லா, அதோட நேரம் முடிஞ்சு போச்சு," என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஏர்கோன் பெட்டிக்குள் பல்லி குடியிருப்பது நம் ஊரில் சகஜம். மற்றவர்கள் மூடியைக் கழற்றி, தட்டி, விரட்டி, வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். அண்ணே முதலில் விரலால் மூன்று தடவை தட்டுவார். பிறகு மெதுவாகச் சொல்வார், "வீட்டுக்காரங்க கொஞ்சம் வெளிய வாங்க. ஒரு மணி நேரம் வேலை இருக்கு. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

நிஜமான வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "என்னா அண்ணே, கூப்பிட்டீங்களா?" என்பார்.

"உங்கள இல்ல பாஸ். இவங்கள."

பல்லி வெளியே வந்து சுவரில் ஏறிக் காத்திருக்கும். நம்பினால் நம்புங்கள்.

இப்போது ஊதுபத்தி. யாராவது ஏர்கோன் மாட்டச் சொன்னால் அண்ணே சுவரைப் பார்க்க மாட்டார். வீட்டுக்குள் எந்தக் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்றுதான் பார்ப்பார். அதற்கு மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி, அறை அறையாக, ஜன்னல் ஜன்னலாகப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, வாய்க்குள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே நிற்பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு நேரத்தில் கலைகிறது என்பது கணக்கு. பிறகு சொல்வார், "உங்க வீட்டுக்கு ஏர்கோன் வேணாம். அந்தச் சோபாவ இந்தப் பக்கம் தள்ளுங்க."

கிள்ளான் லிட்டல் இந்தியாவில் ஒரு துணிக்கடை முதலாளி இவரை சர்வீஸுக்குக் கூப்பிட்டார். அண்ணே ஊதுபத்தி பிடித்துப் பார்த்துவிட்டு, சேலைக் கட்டுகளால் அடைத்து வைத்திருந்த பின்கதவைத் திறக்கச் சொன்னார்.

"திறந்தா காத்து வரும், சரி. பூனையும் வருமே தம்பி?"

"பூனை வந்தா எலி வராது முதலாளி."

"எலி வராது. கஸ்டமர் வருவாங்களா?"

முதலாளி திறந்தார். காற்று வந்தது. பூனையும் வந்தது. அந்த வருஷ தீபாவளிக்குப் புதிதாக வந்த பட்டுச்சேலை அடுக்கின் மேல் அது ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுத்ததாகவும், அதைப் பார்க்கவே கூட்டம் வந்ததாகவும் கேள்வி.

இப்படிப்பட்டவரைத்தான் நான் கூப்பிட்டேன். காரணம் இருந்தது.

என் மகள் யாழினி இப்போது ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு வயது இரண்டு மாதம். பிரசவத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போன என் மனைவி விமலா, அங்கே ஏர்கோன் அறையில் பிள்ளையோடு இருந்தாள். இடையில் ஒரே ஒரு நாள் எங்கள் பிளாட்டுக்கு வந்தாள். அந்த ஒரு நாளில் பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்துவிட்டது. பிள்ளை அழ, அவள் அழ, கீழ்வீட்டு நாய் அழ, சாயங்காலமே திரும்பிப் போய்விட்டாள். போகும்போது சொன்னது ஒன்றுதான்.

"ரூம்ல ஏர்கோன் மாட்டுங்க. அன்னைக்கு வரேன்."

நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை முடிந்து ரயில் ஏறி, இன்னொரு வண்டி மாறி, மாமியார் வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். நான் போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கிவிடும். என் முகமே அதற்கு மறந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏர்கோன் வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரிக்காமல் கூடத்தில் வைத்து, அதன் மேலேயே தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அண்ணேயைக் கூப்பிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

"அண்ணே, இன்னைக்கு அதெல்லாம் வேணாம். மாட்டிட்டுப் போங்க. பிள்ளை வரணும்."

"பிள்ளை வர்றதுக்கு முன்ன காத்து வரட்டும் பாஸ். அஞ்சு நிமிஷம்."

படுக்கை அறையில் புகை நேராகக் கூரைக்குப் போய் அங்கேயே நின்றது. அண்ணே கண்ணை மூடி எண்ணிக்கொண்டே இருந்தார். புகை கலையவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி அலமாரியைப் பார்த்தார்.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று கதவு, ஆளுயரக் கண்ணாடி, தேக்கு. எங்கள் கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த சீர். எங்கே வைக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். கண்ணாடி வாசலைப் பார்க்கக் கூடாது, கட்டிலைப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் படுக்கை அறையின் ஒரே ஜன்னலை முழுசாக மறைத்து நிறுத்திவிட்டார். மூன்று வருஷமாக அந்த ஜன்னல் இருப்பதையே நான் மறந்துவிட்டேன். நினைவு வந்தாலும் நகர்த்துகிற தைரியம் எனக்கு இல்லை.

"இதுக்குப் பின்னால ஜன்னல் இருக்குல்ல?" என்றார் அண்ணே.

"இருக்கு. ஆனா இது என் மாமியார்..."

சொல்லி முடிக்கவில்லை. வாசலில் மாமியார். ஏர்கோன் மாட்டியாகிவிட்டதா என்று பார்த்துவர விமலா அனுப்பியிருக்கிறாள். மூன்று மாடி ஏறிய மூச்சோடு உள்ளே வந்தவர், படுக்கை அறையில் பார்த்தது இது: சுத்தமான சட்டை போட்ட ஒரு மனிதர், கையில் மூன்று ஊதுபத்தி, பாதி மூடிய கண், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. அறை முழுக்கப் புகை.

மாமியார் கையைக் கூப்பினார்.

"மாப்பிள்ளை, சாமிய வரச் சொல்லியிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பழமாச்சும் வாங்கிட்டு வந்திருப்பேன்ல."

அண்ணே கண்ணைத் திறந்தார். "அம்மா, நான் ஏர்கோன்."

"தெரியுது சாமி. எல்லாம் ஒண்ணுதான்."

"இல்லம்மா, நான் ஏர்கோன் மாட்ட வந்தவன்."

"எந்த ரூபத்துல வந்தாலும் சரிதான் சாமி. வீட்டுல என்னா குறைன்னு சொல்லுங்க. பச்சைப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் பொரிஞ்சு போச்சு."

அண்ணே பொய் சொல்லத் தெரியாதவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். "இந்த அலமாரி வழிய மறிக்குது."

மாமியார் முகம் வெளுத்துவிட்டது. "எப்பலேருந்து?"

"வெச்ச நாள்லேருந்து."

மாமியார் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளே, பொய் சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷம் என்னால் ஒரு அங்குலம் நகர்த்த முடியாத அலமாரியை நகர்த்தச் சொல்லி மாமியாரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் சீனக் குடும்பம், லிம் ஆன்டியும் அவர் கணவரும் இருந்தார்கள். கணவர் தோள் கொடுக்க வந்தார். லிம் ஆன்டி புகையை மோந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய் தானும் மூன்று பத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்து மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டார். என்ன விஷயம் என்று அவர் கேட்கவே இல்லை. நல்லது நடக்கிறது என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

அலமாரி நகர்ந்தது. பின்னால் மூன்று வருஷத்துத் தூசி, தொலைந்துபோன என் பெல்ட், ஒரு பல்லிக் குடும்பம். "மன்னிச்சுக்குங்க, வீடு மாறணும்," என்றார் அண்ணே அவற்றிடம். மாமியார் அந்தப் பல்லிகளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். ஜன்னல் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அண்ணே எண்ணெய் விட்டு, தட்டி, நெட்டித் திறந்தார்.

திறந்ததும் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காலண்டர் தாள் ஒன்று அசைந்தது. பிறகு ஆறு பத்தியின் புகையும் ஒன்றாகச் சாய்ந்து, எங்கள் முகத்தைத் தடவிக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, வாசல் வழியாக நடைபாதைக்குப் போனது. துறைமுகப் பக்கத்துக் காற்று. லேசாக உப்பு வாசனை.

மாமியார் உடனே கைபேசியை எடுத்து, "விமலா, சாமி வழிய திறந்துட்டாரு. பிள்ளையத் தூக்கிட்டு வா," என்றார்.

அண்ணே கூலி வாங்கவில்லை. மாட்டாத ஏர்கோனுக்கு எதற்குக் கூலி என்றார். மாமியார் கீழே போய் வாங்கிவந்து நீட்டிய வாழைப்பழத்தில், அன்றைக்குப் பழுத்தது எது என்று பார்த்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

விமலா வந்தாள். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. வேர்க்குரு அடங்கிவிட்டது. கீழ்வீட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தால் அந்த வாசனையும் வந்தது, அதற்கு அண்ணே என்ன செய்வார். பிரிக்காத ஏர்கோன் பெட்டியின் மேல் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் தொட்டிலில் பிள்ளை. அது என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது அந்த இரண்டு வாரத்தில்தான்.

அப்புறம் புகைமூட்டம் வந்தது.

உங்களுக்கே தெரியும், சில வருஷங்களில் எங்கேயோ காடு எரிந்து, அந்தப் புகை கடல் தாண்டி வந்து நம் தலைக்கு மேல் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் மூடுவார்கள். சூரியன் ஆரஞ்சுப் பழம் மாதிரி தொங்கும். அந்த வருஷம் அது மோசமாக இருந்தது. நான் தினமும் நன்றி சொல்லிக்கொண்டிருந்த ஜன்னல் வழியாக இப்போது கரி வாசனை வந்தது. ஜன்னலை மூடினால் அறை அடுப்பு மாதிரி ஆகிவிடும். திறந்தால் பிள்ளை இருமும். அந்தச் சின்ன உடம்பு இருமலில் குலுங்குவதைப் பார்க்க முடியவில்லை. கிளினிக்கில், பிள்ளையைக் கதவு மூடிய அறையில் வையுங்கள் என்றார்கள்.

ஐந்தாம் நாள் காலை விமலா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணேகிட்ட கேளுங்க, இந்தக் காத்து எந்த ஊர்லேருந்து வருதுன்னு."

"விமலா..."

"நான் கோவத்துல போகல. பிள்ளைக்கு மூச்சு முக்கியம். இந்தத் தடவை எப்ப வருவேன்னு கேக்காதீங்க."

எனக்கும் அண்ணே மேல் கோபம். அவர் பேச்சைக் கேட்டு ஏர்கோன் பெட்டியைச் சாப்பாட்டு மேசை ஆக்கிய என் மேல் அதைவிடக் கோபம். கைபேசியை எடுத்தேன். நான் கூப்பிடுவதற்குள் வாசலில் ஏணி சுவரில் இடிக்கிற சத்தம்.

அண்ணே நின்றுகொண்டிருந்தார். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தது. கையில் ஊதுபத்தி இல்லை.

"பாஸ், ஜன்னல மூடுங்க."

உள்ளே வந்து ஏர்கோன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எப்போதும் நிமிர்ந்து நிற்கிற ஆள், தலை குனிந்திருந்தது.

"மூணு நாளா இதான் வேலை. நான் திறக்கச் சொன்ன ஜன்னல் எங்கெங்க இருக்குன்னு ஞாபகப்படுத்தி, வீடு வீடாப் போயி மூடச் சொல்லிட்டு வரேன். துணிக்கடை பின்கதவுகூட மூடியாச்சு. பூனை என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாஸ்." முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கைப்பிள்ளை உள்ள வீடு உங்களதுதான். முதல்ல இங்க வந்திருக்கணும். புகை வந்த முதல் ரெண்டு நாளும் மழை வந்து கழுவிடும்னு காத்திருந்தேன். அது என் தப்பு."

விமலா பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "அப்ப இவ்வளவு நாளா சொன்னதெல்லாம் என்னாங்கண்ணே?"

"காத்து மேல தப்பில்லம்மா. காத்துக்கே உடம்பு சரியில்ல. உடம்பு சரியில்லாதவங்கள வீட்டுக்குள்ள விட்டா பிள்ளைக்குத் தொத்திக்கும். அது நல்லாகுற வரைக்கும் கதவைச் சாத்தி வெக்கறதுதான் முறை." எழுந்து, உட்கார்ந்திருந்த பெட்டியையே பிரிக்க ஆரம்பித்தார். "மழை வந்தா குடை பிடிக்கறோம். அதுக்காக மழையோட சண்டைன்னு அர்த்தமா? தாயும் பிள்ளையும் தூங்கணும். அதுவும் இயற்கைதான்."

அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் முறையில் ஒன்றும் குறையவில்லை. ஜன்னலை ஒரு விரல் அளவுகூட மறைக்காமல் பெட்டியை மாட்டினார். தண்ணீர் சொட்டுகிற குழாயைக் கீழ்வீட்டுக் கூரையில் விடாமல், சுவரோரமாக இழுத்துக்கொண்டுபோய், துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு பெயிண்ட் வாளியில் நின்ற கருவேப்பிலைக் கன்றுக்குள் விட்டார். நான் தண்ணீர் ஊற்ற மறந்து பாதி செத்துப்போன கன்று அது. "ஒருத்தங்களுக்குக் குளிர், இன்னொருத்தங்களுக்குத் தண்ணி," என்றார்.

மாமியாருக்கு விஷயம் தெரிந்தபோது, "பாத்தீங்களா மாப்பிள்ளை, சாமி ஏர்கோனும் மாட்டும்," என்றார். அவர் நம்பிக்கையில் கடைசிவரை ஒரு கீறல் விழவில்லை.

அன்று மணி மூன்றானது. அண்ணே ஏணியை மடக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். "நேரமாச்சே அண்ணே," என்றேன். "இன்னைக்கு யாருக்கு வழி விட?" என்று ஜன்னல் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். நாலு மணி தாண்டியதும் பொத்தானை அழுத்தினார். குளிர் வந்தது. பிள்ளை இரண்டு தடவை இருமிவிட்டுத் தூங்கிப் போனது. விமலா பையிலிருந்து துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

போகும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வானம் தெளிஞ்சதும் இத நிறுத்திட்டு அதத் திறக்கணும்."

பல நாள் கழித்து ஒரு பிற்பகல், நாலு மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. மழை விட்டதும், நான் சொல்லாமலே விமலா ஏர்கோனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தாள். ஈரக் காற்று. அப்போது என் கைபேசி அடித்தது. விமலாதான் எடுத்தாள். அண்ணே தானாகக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"திறந்தாச்சா?"

"திறந்தாச்சு லா அண்ணே," என்றாள் விமலா. அவள் சிரித்தபடி சொன்னாள். ஆனால் முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அவர்தான் சர்வீஸ் செய்தார். பிறகு மூட்டு வலி வந்தது. மருந்து, எண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டு, "மூட்டுக்கும் அடையற நேரம் வந்தாச்சு," என்று ஏணியை எங்கள் நடைபாதையில் சாத்திவிட்டு, போர்ட் கிள்ளானில் மீன்பிடிப் படகுகள் நிற்கிற பக்கம் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார்.

போன வாரம் புது ஆள் ஒருவர் சர்வீஸுக்கு வந்தார். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார். நல்ல வேலைக்காரர்தான். போகும்போது, "ஏன் அங்கிள், தண்ணிக் குழாய இவ்வளவு தூரம் இழுத்திருக்காங்க?" என்று கேட்டார். யாழினி பதில் சொன்னாள், "செடி அங்க குடிக்குது அண்ணே." கருவேப்பிலை இப்போது அவளைவிட உயரம். வாளி மாற்றி வாளி மாற்றி இது நாலாவது வாளி.

புது ஆள் போன பிறகு அறையில் ஊதுபத்தி வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்தில் விமலா நின்றுகொண்டிருந்தாள். கையில் மூன்று பத்தி. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாழினி ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னா விமலா?"

"சும்மாதான். அவர் இருந்தா பாப்பாருல்ல."

வெளியே மைனாக்கள் மரத்தில் அடைய இடம் பிடித்துக்கொண்டிருந்த சத்தம். கைபேசியை எடுத்து மணி பார்த்தேன். ஏழு இருபது. அண்ணே கைபேசியை அணைக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அண்ணேயைக் கூப்பிட்டேன்.